மடக்குக் கத்தியின் பூட்டு



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் கத்தி இல்லாத வீடு கிடையாது. அடுப்படியில் ஒன்று இருக்கும். கொல்லைப்புறத்தில் பாராங் ஒன்று சாத்தி வைத்திருக்கும். வேலைக்குப் போகிறவரின் கால்சட்டைப் பையில் சின்னதாக ஒன்று மடங்கிக் கிடக்கும். மலாய்க்காரர் பீசாவ் லிபாட் என்று சொல்லும் அந்த மடக்குக் கத்தியைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம். அதைத் தீட்டுவது நம் வீடுகளில் பலருக்கும் தெரிந்த கலை. அதன் பூட்டைப் பார்த்து வாங்குவது எப்படி, வாங்கிய பின் அதைப் பழக்குவது எப்படி என்பது அவ்வளவாகப் பேசப்படாத விஷயம். கடைக்காரர் கத்தியை விரித்துக் காட்டுகிறார். 'டக்' என்று ஒரு சத்தம் வருகிறது. "பார்த்தீங்களா அண்ணே, பூட்டிக்கிச்சு!" என்கிறார். நாமும் வெள்ளியை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். அந்தச் சத்தம் பூட்டு விழுந்ததற்கு அடையாளம்தான். விழுந்த பூட்டு எவ்வளவு தூரம் ஏறி நிற்கிறது, அழுத்தினால் தாங்குமா, ஆறு மாதம் கழித்தும் தாங்குமா என்பதையெல்லாம் அந்தச் சத்தம் சொல்லாது.

1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் இந்த மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய நாள் முதல், தோட்டத்தின் பெரிய வேலைகளெல்லாம் மடங்காத கத்திக்கே உரியவையாக இருந்திருக்கின்றன. கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அலகும், பிடிக்குள் நுழையும் வாலும் ஒரே இரும்பு. பாராங்கும் அப்படியே. தமிழ்நாட்டில் பெயர்பெற்ற திருப்பாச்சேத்தி அரிவாளும் அப்படியே. பிடி கழன்றால் கழலுமே தவிர, அலகு நம் விரலை நோக்கித் திரும்பி வராது. மடக்குக் கத்தியின் கதை வேறு. அதன் நடுவில் ஒரு மூட்டு இருக்கிறது. மூட்டு இருக்கும் இடத்தில் மடங்கும். மடங்கும்போது கூர்ப்பக்கம் போய்ச் சேரும் இடம் பிடியின் பள்ளம். அந்தப் பள்ளத்தின் மேலேதான் நம்முடைய நான்கு விரல்களும் இருக்கின்றன.

விரலின் உட்பக்கத்தில், தோலுக்குச் சற்றுக் கீழேயே, விரலை மடக்கும் தசைநாண்கள் ஓடுகின்றன. அவற்றையொட்டி உணர்ச்சி நரம்புகள் செல்கின்றன. கொழுந்து கிள்ளவும், கத்திரி பிடிக்கவும், பிள்ளைக்குச் சோறு ஊட்டவும் உதவுகிற விரல் அது. ஒரு தசைநாண் அறுந்தால் தையல் போட்டு, கட்டுப் போட்டு, பயிற்சி செய்து, மீண்டும் வேலைக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். கத்தியின் விலையோடு ஒப்பிட்டால் அந்த நாட்களின் சம்பளம் எவ்வளவு என்பதை வீட்டுக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

பூட்டு எப்போது வேலை செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். இதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிது. முட்டைக்கோசின் தண்டை அறுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூர்ப்பக்கம் தண்டை அழுத்துகிறது. தண்டு கூர்ப்பக்கத்தைத் திருப்பி அழுத்துகிறது. அந்த அழுத்தம் அலகை இன்னும் விரிக்கும் திசையிலேயே போகிறது. அதற்கு மேல் விரியாதபடி பிடிக்குள் ஒரு தடுப்பு முளை நிற்கிறது. சுமையெல்லாம் அந்த முளைக்கு. பூட்டுக்கு அங்கே வேலையே இல்லை. நாற்றுமேடையில் தேயிலைக் கிளையிலிருந்து ஓரிலைத் துண்டுகளைச் சாய்வாக நறுக்கி எடுக்கிறோமே, அதுவும் அப்படித்தான். பூட்டே இல்லாத கத்தியால் ஆயுள் முழுவதும் அந்த வேலையைச் செய்யலாம்.

இப்போது உர மூட்டைக்கு வாருங்கள். இறுக்கமாகத் தைத்த பிளாஸ்டிக் சாக்கு. நுனியை வைத்துக் குத்துகிறோம். நுனி முட்டிக்கொண்டு நிற்கிறது, கை முன்னே போகிறது. அந்த நொடியில் அலகு மடங்கப் பார்க்கிறது. அல்லது மூங்கிலில் அலகு சிக்கிக்கொள்கிறது. பிடியை மேலும் கீழும் ஆட்டி இழுக்கிறோம். அப்போதும் அலகு மடங்கப் பார்க்கிறது. கத்தியின் முதுகால் எதையாவது தட்டினாலும் அதே கதைதான். இந்தச் சமயங்களில் மட்டும் மூட்டுக்கும் விரலுக்கும் நடுவில் நிற்கும் ஒரே காவல் பூட்டு. நாள் முழுவதும் சும்மா இருந்துவிட்டு ஒரு நொடி வேலை செய்கிற காவல்காரன் என்பதால்தான், அவன் விழித்திருக்கிறானா தூங்குகிறானா என்று நாமாகப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பூட்டில் பல வகை உண்டு. கையில் இருப்பது எந்த வகை என்று தெரியாமல் சோதிக்க முடியாது.

பூட்டே இல்லாத கத்தியை முதலில் சொல்லிவிடுவோம். சிவப்புப் பிடியும் சிலுவைச் சின்னமும் உள்ள சுவிட்சர்லாந்துக் கத்தியைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் சிறிய அளவுள்ளவற்றில் பெரிய அலகுக்கும் பூட்டுக் கிடையாது. முதுகில் உள்ள வில் அழுத்திப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். விரிக்கும்போது அதுவும் 'டக்' என்றே சொல்லும். பெரிய அளவில் வருகிற சிலவற்றில் பூட்டு உண்டு. கடையில் ஐயம் வந்தால் ஒரு கேள்வி போதும்: இந்த அலகை மடக்க எதை அமுக்க வேண்டும்? எதையும் அமுக்காமல் மடங்குமானால் அதில் பூட்டு இல்லை. நல்ல கத்திதான்; குத்துகிற வேலைக்கு மட்டும் ஆகாது.

அடுத்தது வளையப் பூட்டு. பிரான்ஸ் நாட்டின் சவாய் மலைப்பகுதியில் 1890ஆம் ஆண்டில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி இது. அதன் கழுத்தில் திருகும் வளையத்தை 1955இல் மார்செல் ஒப்பினெல் சேர்த்தார். வளையத்தில் ஒரு வெட்டு இருக்கும். வெட்டு அலகுக்கு நேராக இருந்தால் அலகு மடங்கும். வளையத்தைத் திருகி வெட்டை விலக்கிவிட்டால் வளையத்தின் விளிம்பு அலகின் அடியில் முட்டுக் கொடுத்து நிற்கும். இது தானாகப் பூட்டாது, நாம்தான் திருக வேண்டும். அதனால் மறந்துபோகிறவர்களுக்கு இது பூட்டில்லாத கத்தியேதான். புதுக் கத்தியில் வளையம் கொஞ்சம் திரும்பியதுமே இறுகி நிற்கும். பழகப் பழக இன்னும் சற்றுத் தூரம் போகும். அலகின் முழுக் கனத்தையும் தாண்டி வளையத்தின் விளிம்பு போயிருக்கிறதா, விரலால் திருப்பித் தள்ளினால் எளிதில் நழுவுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்தக் கத்திக்கு நம் மலையில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. பிடி பீச் என்னும் மரத்தால் ஆனது. மழையும் பனிமூட்டமும் மாறி மாறி வரும் ஊரில் மரம் ஈரத்தைக் குடித்து ஊதிவிடும். பள்ளம் நெருங்கி அலகைக் கவ்விக்கொள்ளும். நகத்தால் இழுத்து, வராமல், பல்லைக் கடித்து இழுக்கும்போது சட்டென்று விடுபட்டு விரலைக் கிழிக்கும். சவாய் நாட்டு மலைவாசிகள் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வளையத்தைத் திறந்த நிலையில் வைத்து, பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். நுனி கொஞ்சம் வெளியே எழும்பும். பிறகு இரண்டு விரலால் எடுத்துக்கொள்ளலாம். நனைந்த பிடியை அடுப்போரம் வைத்துக் காய்ச்சாதீர்கள், வெடிக்கும். நிழலில் காற்றாட வைத்தால் போதும்.

மூன்றாவது முதுகுப் பூட்டு. அமெரிக்காவில் பக் என்னும் நிறுவனம் 1964இல் கொண்டுவந்த வேட்டைக் கத்தியால் இது உலகெங்கும் பரவியது. பிடியின் முதுகில் ஒரு நீளமான இரும்புச் சட்டம் இருக்கும். அதன் முனையிலுள்ள கொக்கி, அலகின் அடியில் வெட்டிய பள்ளத்தில் விழும். மடக்க வேண்டுமானால் முதுகில் அமுக்க வேண்டும். இதைச் சோதிக்கக் கண்ணும் கட்டைவிரலும் போதும். கத்தியை விரித்து, முதுகின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். சட்டமும் அலகும் சேரும் இடம் சமமாக இருக்க வேண்டும். சட்டம் மேலே துருத்திக்கொண்டு நின்றால் கொக்கி முழுவதும் விழவில்லை என்று பொருள். புதுக் கத்தியில் அப்படி இருந்தால் வாங்காதீர்கள். பழைய கத்தியில் அப்படி இருந்தால் பெரும்பாலும் பள்ளத்தில் மண் அடைத்திருக்கும். ஒரு குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டால் மறுபடி சரியாக விழும். காய்கறித் தோட்டத்து மண்ணில் வேலை செய்கிறவர்கள் இதை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். அலகின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் இந்த வகையில் மிகச் சிறிய ஆட்டம் இருப்பது வழக்கம்தான். அது நாளுக்கு நாள் கூடுகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

இன்று இரவுச் சந்தையிலும் வன்பொருள் கடையிலும் மிகுதியாகக் கிடைப்பது நான்காவது வகை, உள்தகட்டுப் பூட்டு. மின்சார வேலைக்காரர்களின் பழைய கத்திகளில் இருந்த இந்த முறையை 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கரான மைக்கேல் வாக்கர் திருத்தி அமைத்தார். அதன் பிறகுதான் விலை உயர்ந்த கத்தி முதல் மலிவுக் கத்தி வரை எல்லாவற்றிலும் இது ஏறிக்கொண்டது. நம் பேச்சில் மிகுதியும் இதைப் பற்றியே இருக்கப் போகிறது. ஏனென்றால், பார்க்கத் தெரிந்தவருக்கு எல்லாவற்றையும் வெளிப்படையாகக் காட்டுகிற பூட்டும் இதுதான். பார்க்காதவரை ஏமாற்றுகிற பூட்டும் இதுதான்.

பிடியின் உட்புறத்தில் இருபக்கமும் இரண்டு தகடுகள் இருக்கும். அவற்றில் ஒன்றை நீளவாக்கில் பிளந்து, ஒரு பகுதியை உட்புறமாக வளைத்து விட்டிருப்பார்கள். கத்தி மடங்கியிருக்கும்போது அலகு அந்தத் தகட்டை ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கும். அலகு முழுவதும் விரிந்ததும், தகடு தன் வில்தன்மையால் உள்ளே பாய்ந்து அலகின் அடிக்குப் பின்னால் நின்றுகொள்ளும். கதவு சாத்தாமலிருக்கக் கட்டை வைப்பது போல. அடியின் முகம் நேராக இருக்காது. சுமார் 7 அல்லது 8 பாகை சாய்வாக இருக்கும். தகடு அந்தச் சரிவில் ஆப்புப் போல ஏறி இறுகுகிறது. மண்வெட்டிக் காம்பில் ஆப்பு அடிக்கிறோமே, அதே தத்துவம். காம்பு தேய்ந்தால் ஆப்பு இன்னும் கொஞ்சம் உள்ளே போய் ஆட்டத்தை நீக்கிவிடும். இங்கேயும் தேய்மானம் ஏற்பட்டால் தகடு இன்னும் கொஞ்சம் உள்ளே போய்விடும். ஆட்டம் தெரியாது. 'டக்' என்ற சத்தமும் மாறாது. தகடு மறுபக்கச் சுவரில் போய் முட்டி, இனி நகர இடமில்லை என்னும் நாள் வரை கத்தி உறுதியாகவே தோன்றும். கையை மட்டும் நம்புகிறவர் அதனால்தான் ஏமாறுகிறார்.

ஆகவே கண்ணால் பார்க்க வேண்டும். கத்தியை விரித்து, கூர்ப்பக்கம் மேலே இருக்கும்படி, பிடியின் பள்ளம் நமக்குத் தெரியும்படி வெளிச்சத்தில் பிடியுங்கள். அலகின் அடியும் அதன் பின்னால் வந்து நிற்கும் தகடும் தெரியும். அடியின் அகலத்தை மனத்திலே நான்கு பங்காகப் பிரியுங்கள். புதுக் கத்தியில் தகடு முதல் பங்கைக் கடந்து, பாதிக்குள் நிற்க வேண்டும். தகட்டின் முழுக் கனமும் அடியின் மேல் ஏறியிருந்தால் மனம் நிறைவடையலாம். நன்றாகச் செய்த கத்தியில் கால் பங்குக்குச் சற்று மேலே நின்றாலும் குற்றமில்லை. பழகும்போது உள்ளே வந்துவிடும். விளிம்பை மட்டும் தொட்டுக்கொண்டு, ஒரு நூலிழையில் நிற்பதுபோல் தெரிந்தால் வாங்க வேண்டாம். அதே போல, கடையிலேயே முக்கால் பங்கைத் தாண்டிப் போய் நிற்கும் கத்தியையும் வாங்க வேண்டாம். அது இன்று உறுதியாகத்தான் இருக்கும். ஆனால் அதன் ஆயுளைக் கடையிலேயே செலவழித்துவிட்டு வந்திருக்கிறது.

சில கத்திகளில் தகட்டுக்குப் பதிலாகப் பிடியின் ஒரு பக்கமே பிளந்து பூட்டாக நிற்கும். அதற்கும் இதே கணக்குத்தான்.

தகடு எங்கே நிற்கிறது என்பதோடு, எந்த இடத்தில் தொடுகிறது என்பதும் முக்கியம். இதற்கு ஒரு மார்க்கர் பேனா போதும். கடையில் வேண்டாம், வீட்டுக்கு வந்த பின் செய்யுங்கள். தகடு வந்து அமரும் அடியின் முகத்தில் மையைப் பூசி, உலரவிட்டு, ஏழெட்டுத் தடவை விரித்து மடக்குங்கள். தொடும் இடத்தில் மை உரிந்து இரும்பு பளிச்சிடும். தகட்டின் உயரம் முழுவதும் ஒரு பட்டையாக உரிந்திருந்தால் நல்லது. அலகின் அச்சாணியிலிருந்து விலகிய பக்கம் அழுத்தமாகத் தொட்டு, மற்றப் பக்கம் லேசாகத் தொட்டாலும் பொறுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு புள்ளியில் மட்டும் உரிந்திருந்தால் முழுச் சுமையும் அந்தப் புள்ளியில் ஏறும், சீக்கிரம் தேயும். மையைப் பூசும்போது அலகின் கூர்ப்பக்கத்தில் பழைய துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்வது நல்லது. சிறு பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள்.

அழுத்திப் பார்க்கும் சோதனையில்தான் பலர் கையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பூட்டைச் சோதிக்கும்போது பூட்டுத் தோற்கும் என்றே எண்ணிக்கொண்டு பிடிக்க வேண்டும். அதாவது, பிடியை வழக்கம்போல் நான்கு விரலாலும் சுற்றிப் பிடிக்கக்கூடாது. கட்டைவிரலும் மற்ற விரல்களும் பிடியின் இரு பக்கவாட்டிலும் மட்டும் இருக்கட்டும். அலகு மடங்கி வரும் பள்ளத்தின் மேல் எந்த விரலும் இருக்க வேண்டாம். இப்போது அலகின் முதுகை ஒரு மரக்கட்டையின் மேல் வைத்து மெதுவாக அழுத்துங்கள். படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். தகடு அசையாமல் நிற்க வேண்டும். பின்னோக்கி நழுவுவது கண்ணுக்குத் தெரிந்தாலே அந்தக் கத்தி தோற்றுவிட்டது. பிறகு லேசாக இரண்டு தட்டு. அவ்வளவே போதும். இரும்பின் மேலும் கல்லின் மேலும் ஓங்கி அடித்துச் 'சோதனை' செய்கிறவர்கள் நல்ல பூட்டையும் நசுக்கிக் கெடுக்கிறார்கள்.

இன்னொரு சோதனை, அலகை மடக்கிய நிலையில். நுனிப்பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து மெல்ல ஆட்டுங்கள். அலகு தானாக வெளியே விழக்கூடாது. உள்தகட்டில் ஒரு சிறு குண்டுமணி போன்ற உருண்டை இருந்து, மடங்கிய அலகைப் பிடித்துவைக்கும். அது பலவீனமாக இருந்தால், மேட்டில் ஏறி இறங்கும்போது கத்தி பைக்குள்ளேயே வாயைத் திறந்து காத்திருக்கும்.

இனிப் பழக்குதல். புதுச் செருப்பு காலைக் கடிக்கும். நான்கு நாள் போட்டால் காலுக்கு அடங்கும். புதுக் கத்தியும் அப்படியே. அச்சாணியைச் சுற்றி இரு பக்கமும் மெல்லிய வாஷர்கள் இருக்கும். புதிதில் அவற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் உண்டு. அதனால் அலகு இறுக்கமாகவும் கரகரவென்றும் திறக்கும். பூட்டின் முகமும் அடியின் முகமும் இதே போல முழுவதும் பொருந்தாமல் இருக்கும். விரித்து மடக்க விரித்து மடக்க அந்த மேடுகள் தேய்ந்து ஒன்றுக்கொன்று இசைந்துகொள்ளும். அதற்கு அவசரம் வேண்டாம். மாலையில் வேலை முடிந்து உட்கார்ந்திருக்கும்போது தினமும் 20, 30 தடவை நிதானமாக விரித்து மடக்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் கத்தி கைக்குப் பழகிவிடும்.

நிதானமாக என்று நாம் சொன்னதற்குக் காரணம் உண்டு. இளைஞர்கள் சிலர் மணிக்கட்டைச் சுண்டி, 'சடக்' என்று கத்தியை வீசி விரிப்பதைப் பெரிய வித்தையாக நினைக்கிறார்கள். ஒவ்வொரு சுண்டலிலும் அலகு தடுப்பு முளையில் மோதுகிறது. தகடு அடியின் மேல் வேகமாக ஏறி மோதுகிறது. ஒரு வருடத்தில் தேய வேண்டியது சில வாரத்தில் தேய்ந்துவிடும். வித்தை காட்டிய கத்தியை வேலைக்கு நம்புவது சரியல்ல.

பழக்கத் தொடங்குமுன் கைத்தொலைபேசியில் பூட்டு நிற்கும் நிலையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே கோணத்தில் இன்னொரு படம். தகடு சிறிது உள்ளே நகர்ந்திருக்கும், நகரத்தான் வேண்டும். மேலும் ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். முதலில் நகர்ந்து பிறகு நின்றுவிட்டால் அது பழகிய பூட்டு. நிற்காமல் மாதா மாதம் நகர்ந்துகொண்டே போனால் அது தேய்கிற பூட்டு. இரும்பு மென்மையானது, அல்லது சரிவு தவறாக வெட்டப்பட்டிருக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரே நாள் பார்த்தால் முடியாது. கடைக்காரராலும் முடியாது, கத்தியைச் செய்தவராலும் முடியாது. வைத்திருப்பவர்தான் பார்க்க வேண்டும்.

சில புதுக் கத்திகளில் பூட்டு ஒட்டிக்கொள்ளும். விரிந்த பின் மடக்கப் போனால் தகடு அசைய மறுக்கும். கட்டைவிரல் வலிக்கத் தள்ள வேண்டியிருக்கும். தகடு டைட்டானியத்தால் ஆனதாக இருந்தால் எஃகின் மேல் இப்படி ஒட்டுவது சகஜம். அடியின் முகத்தில் பென்சிலால் நன்றாகத் தேய்த்துவிட்டால் அந்தக் கரி வழவழப்பைக் கொடுக்கும்; சில நாளில் ஒட்டுதல் நீங்கிவிடும். அங்கே எண்ணெய் விடாதீர்கள். ஆப்பு வழுக்கக்கூடாத இடம் அது. எண்ணெய் வேண்டியது அச்சாணிக்கு, அதுவும் ஒரு சொட்டு.

என்ன எண்ணெய்? தையல் எந்திரத்துக்கு விடும் எண்ணெய் போதும். வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தேங்காய் எண்ணெய்தான். தலைக்கு வைத்த கையோடு கத்திக்கும் ஒரு சொட்டு விடுகிறவர்கள் உண்டு. கீழே தாப்பாவில் அது எண்ணெயாக இருக்கும். 24, 25 பாகைக்குக் கீழே வந்தால் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும் என்பது நம் அலமாரிப் புட்டியைப் பார்த்தாலே தெரியும். இங்கே இரவில் 15, 16 பாகை வரை இறங்குகிறது. விடியற்காலையில் எடுத்த கத்தியில் அச்சாணியைச் சுற்றி வெண்ணெய் போல் கட்டிக்கொண்டு, அதில் மண்ணும் சாக்குத் தூசும் ஒட்டி, தகடு பாதி வழியில் நின்றுவிட்டால் என்ன ஆகும்? 'டக்' என்ற சத்தம்கூட வராது. வந்ததாக நாம் நினைத்துக்கொள்வோம்.

அலகு பக்கவாட்டில் ஆடுவதும், மேலும் கீழும் ஆடுவதும் வேறு வேறு நோய்கள். பக்கவாட்டு ஆட்டம் அச்சாணித் திருகாணி தளர்ந்ததால் வருவது. பழகும் காலத்தில் இது வழக்கம். இக்காலக் கத்திகளில் பெரும்பாலும் நட்சத்திர வாய்த் திருகாணி இருக்கும். அதற்கேற்ற சிறு திருப்புளியால் மிகச் சிறிதளவு இறுக்கி, அலகு தடையின்றி மடங்குகிறதா என்று பார்த்து, மறுபடி சிறிது இறுக்க வேண்டும். ஒரேயடியாக முறுக்கினால் அலகு நின்றுவிடும். மேலும் கீழும் ஆடுவது பூட்டின் நோய். உள்தகட்டுப் பூட்டில் அந்த ஆட்டம் தெரிந்தால், அது திருகாணியை இறுக்கித் தீரும் காரியமில்லை.

தேயிலைச் சாற்றில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கருநீலக் கறை உண்டாகும். துருப்பிடிக்கும் வகை எஃகு அலகில் இது நிச்சயம் தெரியும். கறையைக் கண்டு அஞ்ச வேண்டாம். சிவப்பாகப் பூக்கும் துருவைத்தான் அஞ்ச வேண்டும். அதுவும் வெளியே தெரியும் அலகைவிட, பிடிக்குள் பூட்டு நிற்கும் இடத்தில் பூத்தால் கெடுதல் அதிகம். மழையில் நனைந்த நாளில் கத்தியை விரித்து, உதறி, உலர்ந்த துணியால் உட்புறமும் துடைத்து, விரித்தபடியே உயரமான இடத்தில் வையுங்கள். மண் புகுந்திருந்தால் தண்ணீரில் அலசலாம். பழைய பல்துலக்கும் தூரிகை நல்ல கருவி. அலசியபின் உலர்த்தாமல் மடக்கிவைப்பதுதான் தவறு.

கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு சொல். தடித்த கையுறையால் பிடியை முறுக்கிப் பிடிக்கும்போது, துணி மடிப்போ விரலோ தகட்டில் பட்டு அதைப் பின்னே தள்ளிவிடக்கூடும். வாங்கிய பின் வீட்டிலேயே, அலகைத் துணியால் சுற்றிக் கட்டி, வேலைக்குப் போடும் அதே கையுறையோடு பிடித்து, வலமும் இடமும் முறுக்கிப் பாருங்கள். தகடு நகர்ந்தால் அந்தப் பிடி உங்கள் கைக்கு ஏற்றதில்லை.

எவ்வளவு கவனமாக இருந்தும் விரல் வெட்டுப்பட்டால், சுத்தமான துணியால் இறுக அழுத்திக் கையை உயர்த்திப் பிடியுங்கள். பத்து நிமிடமாவது எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்த வேண்டும். காப்பித்தூள், மஞ்சள்தூள் எதையும் காயத்தில் அடைக்காதீர்கள். பிறகு விரலின் ஒவ்வொரு கணுவையும் மடக்கச் சொல்லிப் பாருங்கள். மடங்காவிட்டாலும், நுனி மரத்திருந்தாலும், காயம் சிறிதாகத் தெரிந்தாலும்கூட அன்றைக்கே தானா ராத்தா மருத்துவமனைக்குப் போக வேண்டும். வேலையில் நேர்ந்த காயமானால் தோட்ட அலுவலகத்தில் அன்றே சொல்லிப் பதிவு செய்யுங்கள். 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி சொக்சோவில் கேட்பதற்கு அந்தப் பதிவு வேண்டும்.

வேலைக் கத்தி வேலைக்கு மட்டுமே. 1958ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, தக்க காரணமின்றிப் பொது இடத்தில் தாக்கும் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றம் என்கிறது. ஈப்போவுக்குப் பேருந்து ஏறும்போதும், திருவிழாவுக்குப் போகும்போதும் கத்தி வீட்டில் இருக்கட்டும். பொத்தானை அமுக்கினால் தானே பாய்ந்து திறக்கும் கத்தியை வாங்கவே வேண்டாம். அதில் நம் வேலைக்கு வேண்டியது ஒன்றுமில்லை.

தகடு மறுபக்கச் சுவரைத் தொட்டுவிட்டது, மேலும் கீழும் ஆட்டம் வந்துவிட்டது என்றால், பூட்டை நம்பும் வேலையிலிருந்து அந்தக் கத்தியை விலக்கிவிட வேண்டும். தகட்டைக் கையால் வளைத்துச் சரிசெய்யலாம் என்று சொல்வார்கள். தேய்ந்த சரிவு அதனால் திரும்பி வராது. அலகு நன்றாக இருக்குமே, எறிய மனம் வராதே என்றால், வீட்டில் கீரை ஆயவும் கயிறு அறுக்கவும், பூட்டில்லாத கத்தியாக எண்ணி வைத்துக்கொள்ளலாம். ஆனால் நமக்குத் தெரிந்த பழுது வீட்டில் மற்றவருக்குத் தெரியாது. பிடியைச் சுற்றிச் சிவப்பு நாடா ஒன்றை ஒட்டி, அது எதற்கு என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.